அவர் பெயர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது: காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் வாங்கும் ஆய்வாளர்களுக்கும் ரைட்டர்களுக்கும், உங்கள் மேலதிகாரிகளுக்கும் வணக்கம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 31,516. ஒரு நாளைக்கு 86. ஸ்டேஷன் படியேறி வந்தவை மட்டும்தான் இவை. இவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தெரிந்தவர்கள் செய்தது: சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், முதலாளி. அப்படிப்பட்டவர் மேல் புகார் சொல்ல வரும் பெண்ணுக்கு முதல் பயமே, விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான்.

அந்தப் பயம் வீண் பயமா? பொள்ளாச்சியில் 2019-இல் ஒரு மாணவி தனக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றித் துணிந்து புகார் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஆட்கள் அவர் சகோதரரை அடித்தார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். அவருடைய விவரங்களோடு இணையத்தில் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உயர் நீதிமன்றம் மறுபடியும் அதே 25 லட்சம் தரச் சொன்னது. ஐந்து வருடத்தில் என்னதான் மாறியது?

பொள்ளாச்சிக் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13-இல் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் சாட்சி சொல்லி உறுதியாக நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. பெயர் வெளிவந்ததைப் பார்த்து எத்தனை பேர் வீட்டோடு இருந்துவிட்டார்களோ! அவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கும் சிறை உண்டு.

ஆகவே மூன்று கோரிக்கைகள். புகாரைத் தனி அறையில், பெண் அதிகாரி கேட்டு எழுதட்டும். "அந்த நேரத்தில் ஏம்மா அங்கே போனாய்?" என்ற கேள்வி அந்த அறையில் எழவே கூடாது. அப்புறம், அந்த எஃப்.ஐ.ஆரை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கட்டும். கசிந்தால், கசியவிட்டவர் உங்கள் துறைக்காரரானாலும் 72-ஆம் பிரிவில் வழக்குப் போடுங்கள். இழப்பீட்டை அரசுப் பணத்தில் கொடுத்து முடித்துவிடாதீர்கள்.