மனை விற்கப் போகும் மகளுக்கு

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நீ வேலையை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் முகவராகப் போவதாகச் சொன்ன விஷயம் போனில் பேசி முடிக்கக் கூடியதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

உன் முடிவில் எனக்கு மறுப்பு இல்லை. "புரோக்கர் வேலையா?" என்று பெரியப்பா கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நேர்மையான தரகர் ஒருவர் நடுவில் நின்றதால் சண்டை சச்சரவு இல்லாமல் கைமாறிய நிலங்களுக்கு நானே பத்திரம் எழுதியிருக்கிறேன். ஆனால் நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்துகிறது. "இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை அப்பா, ரெராவில் பதிவு செய்தால் போதும் என்று நான் சேரப்போகும் கம்பெனியில் சொல்கிறார்கள்" என்றாய். சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் முகவருக்கான கல்வித் தகுதி பற்றி ஒரு வரிகூட இல்லை. பான் எண், முகவரிச் சான்று, புகைப்படம், வருமான வரி விவரம், கட்டணம் என்று கேட்பார்கள். வில்லங்கச் சான்றிதழைப் படிக்கத் தெரியுமா என்று அந்தச் சட்டம் யாரையும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் 2010இல் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே முகவராக வேண்டுமானால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 'ஓ லெவல்' எனப்படும் சாதாரண நிலைப் பள்ளித் தேர்வில் நான்கு பாடங்களிலாவது தேறியிருக்க வேண்டும், பயிற்சி வகுப்பை முடித்து இரண்டு தாள் கொண்ட தேர்வையும் எழுத வேண்டும். அதன் பிறகும் ஆண்டுதோறும் தொடர் பயிற்சி உண்டு. நம் நாட்டிலேயே மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. நீ பதிவு செய்யும் நேரத்தில் நம் ஆணையம் பயிற்சி எதையும் கேட்டால் மனதார முடித்துக் கொடு. கேட்காவிட்டாலும் நீ படித்தே ஆக வேண்டும் என்பது என் கட்டாயம்.

முதலில் பதிவு. ஆணையத்தில் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்க உதவுகிறவர் தானும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். "எண் வரும்வரை என் எண்ணைப் போட்டு விற்றுக்கொள்" என்று சீனியர் யாராவது சொன்னால் மறுத்துவிடு. உன் பெயரில் எண் வரும்வரை ஒரு மனையைக்கூடக் காட்டாதே. ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். நான் எழுதும் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுகிறேன் அல்லவா, அப்படித்தான். பின்னால் வழக்கு வந்தால் இதை எழுதியவர் யார் என்று அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

பழைய வீட்டை மறுவிற்பனை செய்வதும் வயலை விற்றுக் கொடுப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே தரகரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் அங்கே இன்னும் கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

இனி படிப்புக்கு வருகிறேன். வில்லங்கச் சான்றிதழை எடுத்து, "வில்லங்கம் இல்லை, சுத்தமான சொத்து" என்று வாடிக்கையாளரிடம் நீட்டுகிற முகவர்களை நிறையப் பார்க்கிறேன். பதிவு அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகள் மட்டும்தான் அதில் ஏறும். பதிவு செய்யாத உயிலும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் தெரியாது. பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்றும் ஆகாது. பதிவு அலுவலர் உரிமையை ஆராய்ந்து முடிவு செய்பவர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 2025இல் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. பட்டாவும் வருவாய்த் துறையின் பதிவுதான். அதை மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்டிவிட முடியாது. ஆகவே சொத்தின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி, கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் வரிசையாகப் படி. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், அவருக்கு அது எப்படி வந்தது, நடுவில் யாராவது இறந்திருந்தால் வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்.

இந்தக் கடைசிக் கேள்வியை உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் உழைத்த பணத்தில் மனை வாங்கிய ஒரு குடும்பம் இப்போது நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறது. நிலத்தை விற்ற வீட்டில், அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி மூவரும் தங்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, அதைப் பதிவும் செய்து, மனைகளாக்கி விற்றுவிட்டார்கள். கல்யாணமாகிப் போன இரண்டு சகோதரிகளின் பெயர் எங்கேயும் இல்லை. வில்லங்கச் சான்றிதழில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம் அது, உயிலும் இல்லை. அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் 1989இல் தமிழ்நாடு அன்றைக்கு மணமாகாதிருந்த பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. அந்தச் சகோதரிகள் கேட்பது நியாயம். வாங்கியவர்கள் மீதும் குற்றமில்லை. நடுவில் இருந்த முகவர் "வீட்டில் பெண் பிள்ளைகள் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டு, வாரிசுச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்திருந்தால் அந்த விற்பனை அன்றே நின்றிருக்கும். நீயும் ஒரு வீட்டின் மகள். இந்தக் கேள்வியைக் கேட்க மறக்கக் கூடாது.

உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்க வந்தால், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்று விசாரி. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அதையே கிரயம் போலக் காட்டுவது செல்லாது என்று 2011லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சை உன் வாயால் சொல்லாதே. நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அல்லது சென்னைப் பகுதிக்கான சி.எம்.டி.ஏ. ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்து மட்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி தந்துவிட முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் என் மேசைக்கு முன்னால் வந்து கலங்கி நின்றன என்பது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ இங்கேதான் இருந்தாய். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா எண்ணையும் கேள். கிடைத்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீயே போட்டுப் பார். விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதை நம்பாதே.

வாயால் சொல்வதற்கும் நீதான் பொறுப்பு. முகவர் பொய்யான தகவலை எழுத்திலோ பேச்சிலோ சொல்லக் கூடாது என்று 10ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மெட்ரோ வருகிறது, இரண்டே வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்றெல்லாம் கம்பெனியில் பேசச் சொல்லிக் கொடுப்பார்கள். அரசாணை கையில் இல்லாத எதையும் சொல்லாதே. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்பு 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. இதை வாங்குகிறவருக்கு நீயே முன்வந்து சொல். கம்பெனிக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும், பணம் கட்டுகிறவருக்கு அது தெரிய வேண்டும். உன் கமிஷன் எவ்வளவு, அதை யார் தருகிறார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடு. கணக்குப் புத்தகத்தையும் அன்றன்றைக்கே எழுதி வை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் கற்றுக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். தீபாவளிக்கு நான்கு நாட்கள் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு வா. உங்கள் கம்பெனி இப்போது விற்கிற மனைப்பிரிவின் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), அனுமதி ஆணை எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வா. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கலாம். நகல் தர மாட்டோம் என்று கம்பெனியில் சொன்னால், அந்த மனைப்பிரிவில் ஒரு மனையைக்கூட நீ விற்க வேண்டாம்.

அம்மா உனக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா