ஆறு பேர் என்றே எழுதிக்கொண்டோம், ஆத்தா

கன்னிமார், பிசாசு, ஜின் என்று இருட்டில் தாங்களே கண்டதை நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னவர்களுக்கும், சொன்னவர் வீட்டு வாசல்வரை எங்களைக் கூட்டிப்போனவர்களுக்கும் வணக்கம்.

முதல் நன்றி ஆத்தாவுக்கு. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய ஊர் அவருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் வெடியக் கருக்கலில் தண்ணீர் சேந்தப் போனாராம். கிணற்று மேட்டில் பெண்கள் உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். முடி சொட்டச் சொட்ட ஈரம், உட்கார்ந்திருந்த கல்லில் ஈரமே இல்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மாமியார் கேட்டதற்குக் கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அறுபது வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கன்னித் தெய்வங்களைக் கன்னிமார் என்போம்; எங்கள் பக்கம் கன்னிமார் என்றால் ஏழு பேர். கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதனால் ஆத்தா சொல்லச் சொல்ல, கை தானாக "ஏழு பெண்கள்" என்று எழுதிவிட்டது. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினேன். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏழுன்னு ஊரே சொல்லும் கண்ணு. நான் எண்ணுனப்ப ஆறு பேருதான் இருந்தாங்க. ஆறுன்னே எழுது."

அன்று நோட்டில் அடித்துத் திருத்தியது அந்த ஓர் எண்ணைத்தான். அதற்குப் பிறகு நாங்கள் போன வீடுகளிலெல்லாம் கேட்ட விதமே மாறியது. "கன்னிமாரைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதை விட்டோம். எங்கே நின்றீர்கள், எந்தத் திசையைப் பார்த்து, கையில் என்ன இருந்தது, நிலா இருந்ததா, நாய் குரைத்ததா என்று கேட்கத் தொடங்கினோம். கண்டவர்கள் அதற்குத்தான் பதில் வைத்திருந்தார்கள். கதை கேள்விப்பட்டவர் சொன்னால் கன்னிமார் பட்டுடுத்தி வருவார்கள், பாடுவார்கள், கடைசியில் யாருக்காவது காய்ச்சல் வந்து மந்திரித்துக் கயிறு கட்டியதோடு முடியும். தானே கண்டவர் சொன்னது பெரும்பாலும் நாலு வரிதான், பாதியிலேயே நின்றுவிடும். "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, ஊட்டுக்கு வந்துட்டேன்" என்பார்கள். அந்த நாலு வரியை நாலு வரியாகவே விட்டுக்கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

இரவுத் தண்ணீர் கட்டிய அண்ணன்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் நோட்டுகளில் ஆண்கள் சொன்னதில் அதிகம் உங்களுடையதுதான். பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் நடுச்சாமத்தில்தான் வரும் என்றால், உலகம் தூங்கும்போது நீங்கள் மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறீர்கள். வாய்க்கால் முறை வந்தாலும் அப்படித்தான், ராத்திரி என்று முறையை விட்டுக்கொடுக்க முடியாது. மஞ்சள் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், தண்ணீர் வருகிற திசைக்கு எதிராகக் கொலுசுச் சத்தம் நடந்து வந்ததைச் சொன்னார். டார்ச்சை அணைத்துவிட்டு வரப்பிலிருந்து இறங்கி நின்றாராம். ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டோம். "பொம்பளைங்க வர்ற தடத்துல மூஞ்சிக்கு வெளக்கு அடிப்பாங்களாங்க?" என்றார். சத்தம் அவரைக் கடந்து போய், இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் திரும்பி, நின்றது. மடையை அடைத்துவிட்டு விடியும்வரை வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். பயம் இருந்ததா என்று கேட்டதற்கு, மரியாதை இருந்தது என்று மட்டும் சொன்னார்.

மில் வேனில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த தங்கச்சிகளுக்கும் நன்றி. ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு பேர், ஒருத்தி சொல்வதை மற்றவள் கேட்காமல் தனித்தனியாகச் சொல்ல ஒப்புக்கொண்டீர்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம். ஜமக்காளத் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, தறியை நிறுத்தாமல் பேசிய பெரியவருக்கும், "எங்கள்ல அதை ஜின்னுன்னு சொல்லுவோம்மா, நீ அப்படியே போட்டுக்க" என்று பெயரை விட்டுக்கொடுக்காமல் சொன்ன பாய் மாமாவுக்கும் நன்றி. ஜின் என்றே இருக்கிறது, மாமா.

கூகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் நோட்டுகளை முழுக்கப் படித்துத் தந்தார். வெள்ளையாக, சத்தமே இல்லாமல் தாழப் பறக்கும் கூகையை இருட்டில் பார்த்தவர்களுக்கு அது பறவை என்றே தோன்றாது என்றும், குட்டை ஓரத்துச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு அழுகும் செடிகொடிகளிலிருந்து வரும் வாயுவைக் காரணமாகச் சொல்வார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். எந்தெந்தப் பக்கத்தில் அது பொருந்தக்கூடும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் கொடுத்தார். ஐயா, அந்தக் குறிப்புகளை அழிக்கவில்லை. அதில் ஒன்றைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டினோம். "நாப்பது வருசமா ஆட்டுப்பட்டியில படுத்தவன் நான். கூகையை எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். அதையும் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம். உங்கள் படிப்பும் அவருடைய நாற்பது வருடமும் ஒரே தாளில் இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இப்படிச் சேகரிக்கலாம் என்ற எண்ணமே வெளியிலிருந்து வந்ததுதான். வால்டர் ஈவான்ஸ் வென்ட்ஸ் என்ற அமெரிக்கர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி என்று ஊர் ஊராகப் போய், தேவதைகளைப் பற்றிக் குடியானவர்கள் சொன்னதை எழுதி வாங்கி 1911-இல் புத்தகமாக்கினார். சொன்னவர் எப்படிப்பட்டவர், எந்த ஊர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர் பேச்சைத் தருவார். அதே மனிதர் 1935 ஜனவரியில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியிடம் கேள்விகள் கேட்டிருக்கிறார். அந்தப் பயணத்தில் எங்கள் பக்கமும் வந்து, ஒரு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம் பிள்ளைகளாலும் முடியும் என்று நம்பி, தன் எட்டாம் வகுப்பைத் திறந்துவிட்ட தமிழாசிரியை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? நாங்கள் போனால் வாய் திறக்காத தாத்தாக்கள் பேரப்பிள்ளைக்குச் சொன்னார்கள். ஒரு பையன் தன் தாத்தாவைப் பற்றி, "எங்க அப்பாரு இதைச் சொல்றப்ப அழுதாரு. ஏன்னு கேக்கலை" என்று எழுதி முடித்திருந்தான். தம்பி, கேட்காமல் விட்டாயே, அதற்கும் நன்றி.

ஆத்தா சொன்னதைப் படித்துக் காட்டியபோது அந்த அக்கா எழுந்துபோய்த் திருமுருகாற்றுப்படையை எடுத்துவந்தார். மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிர் என்ற அணங்குப் பெண்களைப் பற்றி நக்கீரர் சொல்லும் இடம். அவர்கள் கூந்தலில் என்னென்ன பூ, எந்தெந்த அணி, எதன்மேல் எது என்று அடியடியாகப் போகிறது. பக்தியோடு பாடம் படித்த காலத்தில் அந்த அடிகளைத் தாண்டித் தாண்டிப் போனவள் நான். அன்று, ஈரத் தலையோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் நினைவில் இருக்க, முதல்முறையாக நின்று கேட்டேன்.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. மாசியில் நாங்கள் போன வீட்டு அக்கா ஒருவர், அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னதை, நான் மறதியாக அவர் மருமகள் எதிரில் மறுபடி கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் எங்களுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். அக்கா, அந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன், நகல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு யார் எதிரில் கேட்கலாம் என்பதைச் சொன்னவரிடமே முதலில் கேட்டுக்கொள்கிறோம்.

பெயர்கள் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். "பேரு போட வேண்டாம் கண்ணு, புள்ளைக்குப் பொண்ணு பாக்கறோம்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். காத்துக் கருப்பு பட்ட குடும்பம் என்று பேச்சு வந்துவிடும் என்ற கவலை. அது நியாயமான கவலை. அதனால் யாருடைய பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வயது, செய்த வேலை, கண்ட நேரம், மாதம், அவ்வளவுதான். இந்த மடலிலும் அப்படியே.

வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொடுத்தவர்கள், டீக்கு காசு வாங்காதவர்கள், தண்ணீரில் விழுந்த போனிலிருந்து ஒலிப்பதிவுகளை மீட்டுக் கொடுத்த செல்போன் கடைத் தம்பி, எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாயங்காலத்துக்கு மேல் போன வீடுகளிலெல்லாம் மொபட்டோடு வெளியில் நின்றது அவர்தான். உள்ளே வாருங்கள் என்றால், "பொம்பளைங்க பேசட்டும்" என்று வேப்பமரத்தடியிலேயே இருந்துவிடுவார். கடைசி நோட்டு முடிந்த அன்று வீட்டுக்கு வரும் வழியில், வண்டியை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், தான் கண்டதைச் சொன்னார். அதை இன்னும் எழுதவில்லை. அவர் சரி என்று சொன்னால் எழுதுவேன்.

ஆத்தா தை மாதம் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் பதிவை மகளிடம் கொடுத்திருக்கிறோம்.

மற்ற எல்லோருடைய பக்கங்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். வழக்கம்போல ஆகஸ்ட் பாதியில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் நீங்கள் வயலில் இருப்பீர்கள், அதனால் ஆடி பிறந்ததும் வருகிறோம். உங்கள் பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுவோம். மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றுவோம், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். பொழுதோட, சாயங்காலமாகத்தான் வருவோம். சமையல் எதுவும் செய்ய வேண்டாம், டீ போதும்.

அன்புடன்,
நோட்டுக்காரப் புள்ளை