பட்டம்பாங்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டோம். குரல் ஏன் கரகரவென்று இருக்கிறது, சாப்பிடுகிறாளா இல்லையா என்பதோடு அம்மாவின் கவலை முடிந்துவிட்டது. எனக்கு மனதில் நின்றது வேறொன்று. "இங்கே என்னை நம்பி ஒன்றும் நடக்கவில்லை அப்பா. ஃபைல் அடுக்கச் சொல்கிறார்கள், ஸ்டோரில் சாமான் எண்ணச் சொல்கிறார்கள். இதற்கா சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு, செயற்கைக் கால் மையத்தில் பிசியோதெரபித் தொண்டு செய்யக் கம்போடியா வந்தேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வெட்டிவிடுவாய். கடிதம் என்றால் முழுதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

நம் வீட்டு மாடி அறையை, நீ கோலாலம்பூருக்குப் படிக்கப் போன பிறகு வாடகைக்கு விட்டோம் அல்லவா? ஜெலுத்தோங் பக்கம் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மையம் ஒன்று இருந்ததால், தங்க வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே தொண்டு செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள். நம் மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ரொஹிங்கியா பிள்ளைகளோ மற்ற பர்மாக்காரப் பிள்ளைகளோ அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. இந்த மாதிரி மையம்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஆசிரியர் சம்பளத்துக்குக் கையில் காசு இருக்காது. தொண்டூழியர்களை வைத்து எப்படியோ ஓட்டுவார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஒரு பையன் கித்தாரோடு வந்தான். மூன்று மாதம் கழித்து அவன் கிளம்பும்போது பிள்ளைகள் அழுதார்கள், அவனும் அழுதான், வழியனுப்பப் போன உன் அம்மாவும் சேர்ந்து அழுதாள். அடுத்த வாரமே புதிதாக ஒரு பெண் வந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு அப்புறம் வந்தவனும் அப்படியே. அந்தப் பிள்ளைகள் நிறங்களின் பெயரை எத்தனை வாத்தியார்களிடம் படித்திருப்பார்களோ தெரியாது. ஒரு சின்னப் பெண் என்னிடம் மலாயில் ரகசியமாகச் சொன்னாள்: புது டீச்சர் வந்தால் தெரியாத மாதிரியே இருந்துவிட்டு, ரெண்டு நாள் கழித்துச் சரியாகச் சொல்லுவார்களாம். அப்போதுதான் டீச்சருக்குச் சந்தோஷமாக இருக்குமாம்.

பிறகு ஒரு ஜப்பானிய அம்மா வந்தார். ஓய்வு பெற்றவர். பாட்டு, கைதட்டல் ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் வகுப்பே எடுக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரியில் நம் மாடி வராந்தாவில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தப் புத்தகத்தில் எதுவரை முடிந்தது, எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை. கடைசிக் கட்டத்தில், அடுத்து வருபவர் எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த மையத்திலேயே இருக்கும் பர்மாக்காரப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையாலேயே எழுதப் பழக்கினார். அவர் ஊருக்குப் போன அன்று யாரும் அழவில்லை, படமும் அதிகம் எடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த யாரும் சிவப்பு, பச்சையிலிருந்து ஆரம்பிக்கவும் இல்லை.

ஃபைல் அடுக்குகிறேன் என்று நீ சொன்னதும் அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

செயற்கைக் கால் பற்றி எனக்குக் கணக்குச் சொன்னவளே நீதான். பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே பற்றாமல் போய்விடும் என்றாய். தாய்லாந்து எல்லைப் பக்கத்து வயல்களில் பழைய சண்டைக் காலத்துக் கண்ணிவெடி இன்னும் கிடக்கிறது. இருபது வயதில் காலைக் கொடுத்த ஒருவன் உங்கள் மையத்துக்கு ஆயுசு முழுக்க வந்துபோக வேண்டியவன். நீ இருக்கப்போவது ஒரு வருஷம். அவனுடைய அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது, போன தடவை சாக்கெட், அதாவது வெட்டுப்பட்ட கால் நுழையும் கூடு, எந்த இடத்தில் உரசிப் புண்ணானது, யார் அதைச் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் நீ போன பிறகும் கைக்குக் கிடைக்க வேண்டும். ஸ்டோரும் அப்படித்தான். காலுக்கு மாட்டும் உறையும் வார்ப்பட்டையும் தீர்ந்துபோன நாளில், நீ எவ்வளவு நன்றாக நடைப்பயிற்சி கொடுப்பவளாக இருந்தாலும் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். எண்ணச் சொன்னால் நன்றாக எண்ணு. எண்ணும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். அங்கே இருக்கும் பிசியோக்கள் உனக்கு முன்னாலும் அதே வேலையைச் செய்தார்கள், உனக்குப் பின்னாலும் செய்வார்கள். உன்னைப் போல எத்தனை பேரை வரவேற்று, எத்தனை பேருக்கு விருந்து வைத்து அனுப்பியிருப்பார்களோ. உன்னை நம்பி ஒரு நோயாளியைக் கையில் கொடுக்க அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகத்தான் செய்யும். வார்டுக்குப் புது டாக்டர் வந்தால் சீனியர் நர்ஸ்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீயே நம் வீட்டுக் கூடத்தில் நடித்துக் காட்டியிருக்கிறாய். இப்போது அந்தப் பார்வை உன் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

நான் முதலில் பார்த்த தொண்டூழியரைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 1962லிருந்து 1983 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தொண்டூழிய அமைப்பின் ஆட்கள் நம் நாட்டில் வேலை செய்தார்கள். சுங்கை பட்டாணியில் நான் இடைநிலைப் பள்ளி படித்தபோது எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் அவர்களில் ஒருவர். ஆள் நெட்டையாக, கழுத்து நீண்டு இருப்பார். ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். பாசாரில் மீன் வாங்கும்போது மலாயில் தப்பாகப் பேசுவார், மீன் விற்கும் மலாய்க்கார அம்மா சிரிப்பார், இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அதையே திருத்திச் சொல்லுவார். ரெண்டாம் வருஷத்தில் பேரம் பேசவே கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். உன் பாட்டி காலையில் பால்மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் லயத்துக்குத் திரும்பியிருந்தாள். வாத்தியார் வந்துவிட்டாரே என்று வளர்த்த கோழியில் ஒன்றைப் பிடித்து அடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் கோழி என்றால் தீபாவளிக்கும் தலைச்சன் பிரசவத்துக்கும்தான். அவர் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குழம்பு காரத்தில் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு" என்று இலையைக் காட்டினார். பாட்டி அதைச் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களுக்கே கஷ்டம், எனக்கு எதற்கு என்று அவர் நாசூக்காக மறுத்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருப்போம்.

அதனால் உன் நோயாளி வீட்டார் வாழைப்பழமோ சோறோ கொண்டுவந்தால் வாங்கிக்கொள். அவர்களுடைய பிராஹோக் மீன் விழுது வாடை தாங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பெலாச்சான் இறால் விழுது வறுக்கும் அடுப்படியில் வளர்ந்தவள் நீ, இதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா?

கெமர் மொழி படிக்கிறேன் என்றாய், நல்லது. அவர்கள் எழுத்து நம் பல்லவர் எழுத்தின் வழியில் வந்தது என்பதும், அங்கோர் வாட் முதலில் விஷ்ணு கோயிலாகக் கட்டப்பட்டது என்பதும் உண்மைதான். அதற்காக அங்கே போய் "எழுத்தே நாங்கள் கொடுத்ததுதான்" என்று மார் தட்டாதே. உன் மாமா பேசுவார் அப்படி, காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு. எழுத்து யாருடையதாக இருந்தாலும் "வலிக்கிறதா?" என்று அந்த மொழியில் கேட்கத் தெரிந்தால் உனக்குப் போதும்.

வார இறுதியில் அநாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடலாம் என்று அறைத்தோழி கூப்பிடுகிறாள் என்றாயே, அதற்கு மட்டும் போகாதே. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து காசு கொடுப்பதை நம்பியே சில இல்லங்கள் நடக்கின்றன, அவற்றுக்காகவே பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கொண்டுவரப்படுகிறார்கள். உன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பிள்ளை பொம்மையாக வேண்டாம். துணி துவை, தூங்கு, சைக்கிளில் ஊரைச் சுற்று.

இங்கே தைப்பூச வேலை ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் பந்தலுக்கு இந்த வருஷமும் இடம் கிடைத்திருக்கிறது. புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு முன்னால் நின்று மோர் கொடுக்க இளவட்டங்கள் நிறைய. அண்டா கழுவவும் குப்பையை மூட்டை கட்டவும் வழக்கம்போல எங்கள் வயசு ஆட்கள்தான். ரதம் போன பிறகு, தெருவெல்லாம் தேங்காய்ச் சில்லாகக் கிடக்கும்போது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அண்டாவை நான் எடுத்துக்கொண்டேன். முதுகு வலிக்கும், வலித்தால் உனக்குப் படம் அனுப்புகிறேன், பயிற்சி சொல்லிக்கொடு.

அப்புறம் சில சில்லறை விஷயம். டாலர் நோட்டு ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் அங்கே வாங்க மாட்டார்கள் என்றாய். அப்படியானால் மிச்சம் வாங்கும்போதே பார்த்து வாங்கு. சின்னச் செலவுக்கு அந்த ஊர்ப் பணமான ரியல் நோட்டாக வைத்துக்கொள், டாலருக்கு நாலாயிரம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டால் ஏமாற மாட்டாய். விசா நீட்டிப்பை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதே, முடியும் தேதியை உன் போனிலும் போட்டு வை. நாய் விஷயத்தில் அசட்டையாக இராதே. 2015இல் இங்கேயே வெறிநாய்ப் பரபரப்பு வந்ததைப் பார்த்தாய். கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். பிசியோவுக்கு நான் பாடம் எடுக்கிறேன் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள்.

ஏப்ரலில் அவர்கள் புத்தாண்டும் நம் சித்திரையும் ஒரே சமயத்தில் வருகிறது. நீ வீட்டுக்கு வந்துபோகலாமா என்று அம்மா கேட்கிறாள். அந்த நேரத்தில் உன்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். மையத்தில் யாராவது இருக்க வேண்டியிருந்தால் நீ இருந்துகொடு, அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். மூடிவிடுகிறார்கள் என்றால் தாராளமாக வா, டிக்கெட் நான் போடுகிறேன்.

இன்சூரன்ஸ் தாளின் நகலை இன்னும் அனுப்பவில்லை. இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மோட்டாரில் பின்னால் உட்காருகிறவருக்கு அங்கே ஹெல்மெட் கொடுக்கிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இல்லையென்றால் இங்கேயே ஒன்று வாங்கி அனுப்புகிறோம். தலையைச் சுற்றி அளவெடுத்துச் சொல்.