பருத்திமாருக்குக் கெடு ஆகஸ்ட் 1

கோவை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேராதனையில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே காற்று மட்டும்தான், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டங்களால் உண்மையில் பலன் இருந்ததா, இல்லை வெறும் கெசட் காகிதம்தானா என்று கேட்டிருக்கிறாய். பலன் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சட்டமும் ஒரே ஒரு பூச்சியையோ நோயையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்கு மட்டும் அது ஓரளவு கட்டுப்பட்டது. வேறு வழியில் பரவும் ஒன்று வந்தபோது சட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

பெயரிலேயே அது தெரியும். பிரிட்டனில் 1877இல் வந்த சட்டம் உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டு ஒன்றுக்காகவே போட்டது. அது கடல் தாண்டி ஜெர்மனிக்குள் வந்துவிட்டது என்ற பீதிதான் காரணம். அதில் பூஞ்சணத்துக்கு இடமே இல்லை. கூஸ்பெரிச் செடியைப் பிடிக்கும் அமெரிக்கச் சாம்பல்நோய் என்ற பூஞ்சண நோய் உள்ளே வந்த பிறகு, 1907இல் 'நாசப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம்' என்று விரித்தார்கள். ஏழு வருஷம் கழித்து, 1914 பிப்ரவரியில், இந்தியாவுக்கும் அதே பெயரில் ஒரு சட்டம். சில பிரிவுகளே உள்ள சின்னச் சட்டம். பயிருக்குத் தொற்று கொண்டுவரக்கூடிய எந்தப் பொருளையும் அறிவிக்கை மூலம் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம் என்பதுதான் சாரம். தொற்று என்றால் பூச்சி, பூஞ்சணம், பிற பீடை. 'பிற பீடை' என்ற அந்த இரண்டு சொல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் குடை பிடித்தது.

இதை அமல்படுத்தத் தனி ஆள் போடவில்லை என்பதைக் கவனி. தடைசெய்த செடி 1878ஆம் வருஷத்துக் கடல் சுங்கச் சட்டப்படி தடைசெய்த சரக்காகக் கருதப்படும், அவ்வளவுதான். ஆக, சாராயப் புட்டியைத் தேடும் அதே சுங்க அதிகாரி ரோஜாக்கன்றின் அடியில் செதில் பூச்சியையும் தேட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கும் தொற்றுத் தடுப்புக்கும் என்று தனி இயக்ககம் டெல்லியில் உருவானது 1946இல்தான்.

1917 நவம்பரில் வந்த விதிகளைத்தான் நீ படிக்க வேண்டும், சட்டத்தை அல்ல. கடிதத் தபாலிலும் சரக்கு மாதிரி அனுப்பும் தபாலிலும் செடி வரக் கூடாது. அதற்கு ஒரு விலக்கு நம் ஊருக்கு: கோவையிலிருந்த அரசுக் கரும்பு நிபுணர் பெயருக்கு, அவர் நேரடி மேற்பார்வையில் நட வேண்டிய கரும்புக் கரணை மட்டும் தபாலில் வரலாம். உருளைக்கிழங்கு கப்பலில் வந்தால், விளைந்த இடத்துக்கு ஐந்து மைல் சுற்றுவட்டத்தில் கிழங்கில் மரு போல முண்டு வரும் மரு நோய் இல்லை என்று அரசுச் சான்று கூடவே வர வேண்டும். ரப்பர் கன்றுக்கு வேரழுகல் இல்லை என்ற சான்று. உண்ணும் பழம், காய்கறி போன்ற சிலவற்றைத் தவிர மற்றச் செடி எல்லாம் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக, ஹைட்ரோசயனிக் அமில வாயு காட்டிய பிறகுதான் உள்ளே வரலாம். பம்பாய், கல்கத்தா, கராச்சி, சென்னை, ரங்கூன் ஆகியவற்றோடு நாகப்பட்டினம், தூத்துக்குடி, தனுஷ்கோடி. உன் இலங்கைத் தீவிலிருந்து வரும் கன்றுக்குத்தான் கடைசி மூன்றும் என்று சொல்லவே வேண்டாம். மண்டபத்தில் தோட்டத் தொழிலாளிக்குத் தொற்றுத் தடுப்பு முகாம், தனுஷ்கோடியில் செடிக்கு. ஒரே ரயில் பாதையில் இரண்டு மறியல்.

வாயு காட்டும் முறையைத் தெளிவாக எழுதச் சொன்னாய். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் புழங்கிய கணக்கு இது. நூறு கன அடி இடத்துக்கு ஒரு அவுன்ஸ் பொட்டாசியம் சயனைடு, ஒரு திரவ அவுன்ஸ் கந்தக அமிலம், மூன்று திரவ அவுன்ஸ் தண்ணீர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயர அறை என்றால் பத்து, பத்து, முப்பது. மண்சட்டியில் முதலில் தண்ணீர், பிறகு அமிலத்தை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். வரிசையை மாற்றி அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சயனைடு எப்போதும் கடைசி. காகிதப் பையில் கட்டி, சட்டிக்குள் போட்டவுடன் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். காகிதம் நனைந்து கரைகிற அந்தச் சில நொடிதான் போடுகிறவருக்குத் தப்பிக்கக் கிடைக்கும் அவகாசம். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் மூடி வைத்து, பிறகு வெளியிலிருந்தே கதவைத் திறந்து காற்றோட விட வேண்டும்.

இதில் தவறுகிற இடங்கள் பல. இலை ஈரமாக இருந்தால் வாயு அந்த ஈரத்தில் கரைந்து இலையைச் சுட்டுவிடும். போர்டோ கலவை என்ற தாமிர மருந்து தெளித்த கன்றாக இருந்தால் தாமிரத்தோடு சேர்ந்து இன்னும் மோசம். வெயிலில் காட்டினாலும் இலை தாங்காது. சயனைடில் உப்புக் கலப்படம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி நச்சு வாயுவையே சிதைத்துவிடும், அப்போது பூச்சி சாகாது, கன்றுதான் வாடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது வேர்மண். ஈர மண்ணுக்குள் வாயு புகாது. மண்கட்டியோடு வந்த கன்றின் மேலே உள்ள செதில் பூச்சி சாகும், உள்ளே இருக்கும் புழுவும் நூற்புழுவும் சுகமாகக் கரை இறங்கும்.

இந்த வாயுவைச் செடிக்குப் பயன்படுத்தத் தொடங்கியதே 1886இல், கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில், பஞ்சு மெத்தை போல முட்டைப்பை சுமக்கும் ஐசீரியா செதில் பூச்சியைக் கொல்லத்தான். அந்தப் பூச்சியே 1928இல் நீலகிரியில் சீகை (வாட்டில்) மரத்தில் தென்பட்டது! வாயு அறைக்குள் வராத கன்றை வாயு என்ன செய்யும்? கடைசியில் ரோடோலியா பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்துத்தான் அதை அடக்கினார்கள். அந்த வண்டும் கலிபோர்னியாவில் பெயர் வாங்கியதுதான்.

வாழை முடிக்கொத்து நோய்க் கதை வேறு. உங்கள் தீவில் 1913 வாக்கிலேயே இருந்தது, 1940 வாக்கில் கேரளத்தில் தலைகாட்டியது. உங்கள் தீவிலிருந்துதான் வந்தது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நோயை உண்டாக்குவது பக்கக்கன்றின் கிழங்குக்குள் இருக்கும் வைரஸ், அதைப் பரப்புவது அசுவினி. வாயு அசுவினியைக் கொல்லும், கிழங்குக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. தொற்றிய கன்று சில வாரம் பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். செதில் பூச்சிக்காக எழுதிய விதி வைரஸைக் கன்றோடு கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். இன்னொன்று, 1914 சட்டம் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான். திருவிதாங்கூர், கொச்சி போன்ற சமஸ்தானங்கள் தனி.

காற்றில் வருவதற்கு எந்தத் துறைமுகமும் இல்லை. உங்கள் காப்பியை 1869இல் பிடித்த இலைத்துரு அப்படித்தான் பரவியது, அப்போது சட்டம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் 1924இலேயே பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்ட இலங்கைக்கும் பின்னால் தேயிலைக் கொப்புள நோய் வந்ததே! அஸ்ஸாமில் 1868 முதல் இருந்த நோய், 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே வருஷத்தில் இறங்கியது. எழுபத்தெட்டு வருஷம் எட்டிப் பார்க்காதது ஏன் என்பதில் விதைக்கும் கன்றுக்கும் இருந்த கட்டுப்பாட்டுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வந்த பிறகு தாமிர மருந்துத் தெளிப்பு ஒன்றே கதி.

இனி உள்நாட்டு விஷயம். 1919ஆம் வருஷத்து மூன்றாம் சட்டம், மதராஸ் வேளாண் பீடைகள் மற்றும் நோய்கள் சட்டம். எனக்கு இதுதான் அருமையான சட்டம். துறைமுகச் சட்டம் வராதவனைத் தடுப்பது, இது வந்து குடியேறியவனோடு மல்லுக்கு நிற்பது. அரசு ஒரு பீடையை, நோயை அல்லது களையை, இந்த வட்டாரத்தில், இந்தக் காலத்தில், இன்ன செய்து ஒழிக்க வேண்டும் என்று அறிவிக்கும். அறிவித்துவிட்டால் நிலத்தை வைத்திருப்பவர் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரி ஆள் வைத்துச் செய்து, செலவை நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம்.

முதன்மையாகப் பயன்பட்டது கம்போடியா பருத்திக்கு. கோவைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ஐப்பசி வாக்கில் விதைத்து, மாசியிலிருந்து சித்திரை வரை எடுப்பு. கோடை மழை ஒன்று விழுந்தால் செடி மறுபடி துளிர்த்து ஆடியில் இன்னொரு எடுப்பு கொடுக்கும். குடியானவன் அதை விடுவானா? அந்த இரண்டாம் எடுப்புதான் தண்டுக் கூன்வண்டுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் பாலம். கூன்வண்டு தரையை ஒட்டிய தண்டில் முட்டையிடும். புழு உள்ளே குடைய, அங்கே கழலை போல வீங்கும், காற்றடித்தால் அந்த இடத்தில் செடி மளுக்கென்று ஒடியும். அதனால்தான் விதி, ஆகஸ்ட் 1க்குள் செடியை வேரோடு பிடுங்கியாக வேண்டும் என்றது. அடுத்த விதைப்புக்கு முன் வயலில் பருத்தியே இல்லாத ஒரு இடைவெளி வேண்டும்.

'வேரோடு' என்ற சொல்லில்தான் சூட்சுமம். தரையோடு அரிந்தால் கட்டை துளிர்க்கும், வீங்கிய பகுதியும் புழுவும் நிலத்திலேயே தங்கிவிடும். பிடுங்கினால் மட்டும் போதாது. பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, அடுப்புக்கு அருமையான விறகு, வரப்பிலேயே போர் போட்டு வைப்பார்கள். போரிலுள்ள மாரிலிருந்து வண்டு வெளிவரும். எடுக்காமல் விட்ட கொட்டைக் காய்க்குள், இரண்டு விதையை ஒட்டித் தைத்துக்கொண்டு காய்ப்புழு மாதக்கணக்கில் உறங்கும். மாரை எரிக்க வேண்டும், குறைந்தது காயையாவது உருவி எரிக்க வேண்டும்.

விதியில் இரண்டு ஓட்டை. ஒன்று, பத்துப் பேர் பிடுங்கி ஒருவர் விட்டால் அந்த ஒரு பருத்திக்காடே ஊருக்கெல்லாம் வண்டு வளர்க்கும், முறையாகப் பிடுங்கியவருக்குத்தான் நஷ்டம். கெடுவை ஒரு கிராமத்துக்கு ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தாலும் பக்கத்துக் கிராமத்தின் உழைப்பு வீண். இரண்டாவது, தண்டுக் கூன்வண்டுக்குப் பருத்தி மட்டும்தான் வீடா? துத்தி, வெண்டை என்று அந்தக் குடும்பத்தின் பல செடிகளில் அது காலம் தள்ளும். வேலியோரத் துத்திக்குக் கெடு யாரும் வைக்கவில்லை. காய்ப்புழுவை அந்தத் தேதி வண்டைவிட நன்றாகப் பிடித்தது என்பதற்கு இதுதான் காரணம்.

கட்டாயம் எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்குக் கோல்ட் கோஸ்டைப் பார், இன்றைய கானா. கோகோவின் தண்டு வீக்க நோய் 1936இல் தெரிய வந்தது, வைரஸ் என்று உறுதியானது 1940இல், பரப்புவது மாவுப்பூச்சி. மருந்து இல்லை. நோய்கண்ட மரத்தையும் அதை ஒட்டிய மரத்தையும் வெட்டுவது ஒன்றே வழி. அறிவியல் சரிதான். ஆனால் நோய்கண்ட மரம் உடனே சாவதில்லை, ஓரிரு வருஷம் காய்த்துக்கொண்டே இருக்கும். காய்க்கிற மரத்தை அரசு ஆள் வந்து வெட்டினால், அடுத்த மரம் பலனுக்கு வரும் வரை அந்தக் குடும்பம் என்ன தின்னும்? 1948இல் அக்ராவில் கலவரம் வெடித்ததற்கு இருந்த குறைகளில் இதுவும் ஒன்று. விசாரணைக் குழு சொன்னதன் பேரில் கட்டாய வெட்டை நிறுத்தினார்கள், ஆனால் பிறகு வெளிநாட்டு அறிஞர் குழு வந்து 'வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை' என்றது. நம் பருத்திக்காரர் இழந்தது ஒரு ஆடி எடுப்பு, கோகோக்காரர் இழந்தது தோப்பு. இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் உத்தரவு போட முடியாது.

1914 சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தெரியுமா? 2003இல் வந்த இறக்குமதி ஆணை அதன் மூன்றாம் பிரிவின் கீழ்தான் பிறந்தது. சயனைடு போய்விட்டது, சுங்க அதிகாரிக்குப் பதில் பயிர்த் தொற்றுத் தடுப்பு நிலையம். பிரிவு அதேதான்.

உங்கள் 1924 சட்டத்தின் விதிகளில் இந்தியாவிலிருந்து வரும் தேயிலை விதைக்கு என்ன நிபந்தனை போட்டிருந்தார்கள் என்று பேராதனை நூலகத்தில் பார்த்துச் சொல். விதையை ஏதாவது மருந்தில் முக்கச் சொன்னார்களா, இல்லை அடியோடு தடையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு