இளையோர் கறவை வெள்ளாட்டுக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பெற்றோர்களே, மாலைக் கறவையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் குழுவில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கூட்டக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் பிள்ளைகளையும் ஆடுகளையும் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஆடு கிடையாது. வீட்டில் கொட்டகை போட இடமில்லை, ஆனால் ஆசை இருக்கிறது. இவர்களுக்காகத்தான் 'பொறுப்பு ஆடு' ஏற்பாட்டைத் தொடங்கினோம். மூத்த உறுப்பினர் ஒருவருடைய கொட்டகையில் இருக்கும் ஒரு பெட்டைக்குட்டியைப் புது உறுப்பினர் ஏற்றுக்கொள்வார். தீவனம் வைப்பது, குளம்பு வெட்டுவது, தும்பில் நடக்கப் பழக்குவது, கண்காட்சிக் களத்தில் காட்டுவது எல்லாம் அவர் வேலை. ஆடு மட்டும் உரியவருடையதாகவே இருக்கும். சொந்தமில்லாத ஆட்டின் மேல் பிள்ளைகளுக்கு அக்கறை வருமா என்று சில பெற்றோர் தயங்கினார்கள். பள்ளி முடிந்ததும் பையை வைத்த கையோடு கொட்டகைக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

ஈற்றுக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். கிடாவுடன் சேர்ந்த தேதி ஏட்டில் இருந்தால், குட்டி போடும் நாளை ஒரு வார அளவுக்குள் சொல்லிவிடலாம். தேதி எழுதாதவர்கள் இரவெல்லாம் விழித்திருக்க நேர்ந்தது. இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரசவப் பெட்டி தயார் செய்து கொடுத்தோம். சுத்தமான துண்டுகள், தொப்புள்கொடியை நனைக்க அயோடின், கையுறை, வெப்பமானி, சீம்பால் புட்டி ஆகியவை அதில் இருந்தன. கர்ப்பிணித் தாய்மார் உள்ள வீடுகளில் அவர்கள் நஞ்சுக்கொடியையோ குட்டி போட்ட இடத்தையோ தொடவே கூடாது என்று தெளிவாகச் சொன்னோம். கியூ காய்ச்சல் போன்ற நோய்கள் அந்த வழியில் மனிதருக்கும் கருவுக்கும் பரவக்கூடும்.

சீம்பால் விஷயத்தில் நம் பிள்ளைகள் செய்த வேலை எனக்குப் பெருமை. குட்டி பிறக்கும்போது அதன் உடலில் நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய எதுவும் இருக்காது, எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். நேரம் ஆக ஆகக் குடல் அதை உறிஞ்சும் திறன் குறைந்துகொண்டே போகும். முதல் ஒரு மணி நேரத்திற்குள் முதல் வாய், ஒரு நாளுக்குள் குட்டியின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பதுதான் நாங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆனால் மூட்டு வீக்கமும் மூளை பாதிப்பும் தரும் சிஏஇ என்ற வைரஸ் இதே சீம்பால் வழியாகத்தான் பெரும்பாலும் தாயிடமிருந்து குட்டிக்கு இறங்குகிறது. எனவே இரத்தப் பரிசோதனையில் அந்த வைரஸ் தெரிந்த கொட்டகைகளிலும், பரிசோதனை செய்யாத கொட்டகைகளிலும் குட்டியைப் பிறந்தவுடன் பிரித்து, சூடாக்கிப் பதப்படுத்திய சீம்பாலைக் கொடுத்தோம். 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வைரஸ் சாகாது. 60 டிகிரியைத் தாண்டினால் சீம்பால் கெட்டியாகிவிடும், எதிர்ப்புப் பொருளும் வீணாகும். வெந்நீரால் முன்பே சூடாக்கிய ஃபிளாஸ்கில் ஊற்றி, வெப்பமானியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள் நம் பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் கொழுகொழுவென்றிருந்த குட்டி ஒன்று மாலையில் துள்ளி விளையாடிவிட்டுக் காலையில் இறந்து கிடந்தது. அடர்தீவனத் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, குட்டி வயிறு முட்டத் தின்றிருக்கிறது. மருத்துவர் அதைத் துள்ளுமாரி என்றார். இந்நோயின் கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, குடலிலேயே இருக்கும். திடீரென்று மாவுச்சத்தோ பாலோ அளவுக்கு மீறி உள்ளே போனால் பெருகி நஞ்சைக் கக்கும். அதனால்தான் நன்றாகத் தின்று நன்றாக வளரும் குட்டிகளையே பெரும்பாலும் கொண்டுபோகிறது. அந்தப் பையன் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைத் தானே சொன்னான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதன் பிறகு உறுப்பினர்கள் தங்களுக்குள் வீடு வீடாகப் போய்த் தீவன அறையின் தாழ்ப்பாள்களைச் சரிபார்த்தார்கள். சினை ஆடுகளுக்குக் குட்டி போடுவதற்கு ஏறத்தாழ 4 வாரம் முன்பு துள்ளுமாரி தடுப்பூசி, பின்னர் குட்டிகளுக்கு 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று. இந்த ஆண்டு நடந்த கூட்டங்களில் எனக்கு மிக முக்கியமானது எதுவென்று கேட்டால், அந்தப் பையன் பேசிய கூட்டத்தைத்தான் சொல்வேன்.

கிடாக்குட்டிகளைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி கிடா. கறவை மந்தைக்குத் தேவைப்படுவதோ சில கிடாக்கள்தான். மீதியில் சில காயடிக்கப்பட்டு வளர்ப்புப் பிராணியாகப் போகும், பெரும்பாலானவை இறைச்சிக்குப் போகும். இதைப் புது உறுப்பினர்களிடம் சேரும் நாளிலேயே சொல்லிவிடுவது என்று இந்த ஆண்டு முடிவு செய்தோம். 'சின்னப் பிள்ளைகளிடம் ஏன்?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பெயர் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பிறகு ஒரு நாள் திடீரென்று தெரிந்துகொள்வதுதான் பிள்ளைக்குக் கொடுமை என்பது செயற்குழுவின் கருத்து. என் கருத்தும் அதுவே. காயடித்த கிடாவை வைத்திருப்பவர்கள் அடர்தீவனத்தைக் குறைத்து, தண்ணீர் தாராளமாக வையுங்கள். சிறுநீர்க் கல் அடைத்தால் காப்பாற்றுவது கடினம். காயடிக்காத கிடாக்குட்டிகளை மூன்று மாதம் ஆவதற்குள் பிரித்துவிடுங்கள். அவை சின்னக் குட்டிகள் போலத் தெரியும், ஆனால் தங்கையையும் தாயையும் சினையாக்கிவிடும்.

குடற்புழுவுக்கு இந்த ஆண்டு முறையை மாற்றினோம். எல்லா ஆட்டுக்கும் தேதி பார்த்து மருந்து ஊற்றும் பழக்கம், மருந்துக்கு அசையாத புழுக்களைத்தான் வளர்த்துவிடுகிறது. இப்போது தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையை வைத்துக் கீழ் இமையின் உட்புற நிறத்தைப் பார்க்கிறோம். நல்ல சிவப்பு 1, வெளுத்துப்போனது 5. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவுக்கு மட்டுமே இந்த அட்டை உதவும் என்பதையும், வெளுத்த ஆட்டுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது.

பால் ஏடுகளைப் பற்றி ஒன்று. நுரை ஏமாற்றும் என்பதால் பாலை அளக்காமல் நிறுத்தே எழுதுகிறோம். ஒரு தங்கை, தன் சானென் இன ஆட்டின் காலைப் பால் திடீரென்று குறைந்ததை ஏட்டில் கவனித்து, மடி வீங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போனாள். ஒரு பக்கத்தில் மடிநோய் தொடங்கியிருந்தது. மடி தப்பியது. மடிநோய்ச் சோதனைத் திரவத்தைப் பயன்படுத்தும் மற்றவர்கள் கவனிக்க: அந்தத் திரவம் காட்டும் செல் எண்ணிக்கை வெள்ளாட்டுப் பாலில் இயல்பிலேயே பசும்பாலைவிட அதிகம். பசுவுக்கான அட்டவணையை அப்படியே வைத்துப் பார்த்தால் நல்ல ஆடும் நோயாளியாகத் தெரியும். மடியின் இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன்.

கண்காட்சிக்குப் பல வாரங்கள் முன்பே பயிற்சியைத் தொடங்கினோம். நடுவர் எதைப் பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்குப் புரிய, அமெரிக்கக் கறவை வெள்ளாட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டையைப் பாடமாக எடுத்துக்கொண்டோம். வளர்ந்த பெட்டைக்கு அதில் மொத்தம் 100. பொதுத் தோற்றத்துக்கு 35, மடியமைப்புக்கு 35, கறவைத் தன்மைக்கு 20, உடல் கொள்ளளவுக்கு 10. முகம் அழகாக இருக்கிறது என்று ஓடி வந்தவர்கள் அட்டையைப் பார்த்த பிறகு ஆட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து நிற்கத் தொடங்கினார்கள். மடி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு அகலமாக ஒட்டியிருக்கிறது, மடியைத் தாங்கும் நடுத் தசைநார் தெளிவாக இருக்கிறதா, காம்புகள் கறக்க வசதியாக நேராக இறங்குகின்றனவா என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். நூபியன் இன ஆடு வைத்திருப்பவர்களுக்கும் ஆல்பைன் இன ஆடு வைத்திருப்பவர்களுக்கும் இடையே நடந்த வாக்குவாதத்தைக் கேட்க ஆனந்தமாக இருந்தது. (நூபியனின் தொங்கும் காதில் நம் ஜமுனாபாரிக்கும் பங்குண்டு என்று ஒரு பையன் சொன்னது உண்மைதான். இங்கிலாந்தில் அந்த இனம் உருவானபோது கலந்த இரத்தத்தில் இந்திய ஆடுகளும் உண்டு.)

கையாளும் திறன் போட்டியில் மதிப்பெண் ஆட்டுக்கு இல்லை, பிள்ளைக்கு. ஆட்டுக்கும் நடுவருக்கும் நடுவில் நிற்கக் கூடாது. நடுவர் மறுபக்கம் வந்தால் ஆட்டின் முன்னால் சுற்றி மாறிக்கொள்ள வேண்டும். முன்கால்கள் நேராக, பின்கால்கள் சற்று அகன்று நிற்க வேண்டும். கண் பாதி ஆட்டிலும் பாதி நடுவரிடமும் இருக்க வேண்டும். சினைக்காலம் எத்தனை நாள், உடல் வெப்பம் எவ்வளவு என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும். நடுவர் சில பிள்ளைகளைத் தங்களுக்குள் ஆட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பொறுப்பு ஆடு வளர்த்த பிள்ளைகள் அங்கேதான் மின்னினார்கள், பழகாத ஆடும் அவர்கள் கைக்கு அடங்கி நின்றது.

இப்போது இந்த அறிக்கையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. களத்தில் மடி நிரம்பித் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறவையைத் தள்ளிப்போடும் பழக்கம் பல கண்காட்சிகளில் இருக்கிறது. ஓரளவு நிறைந்த மடியைக் காட்டுவது நியாயம், அப்போதுதான் அதன் வடிவம் தெரியும். ஆனால் தோல் பளபளவென்று இறுகி, காம்பு இரண்டும் வெளிப்பக்கமாகத் துருத்தி, பால் தானாகச் சொட்டி, ஆடு பின்காலை அகட்டி நடந்தால் அது வேதனையில் இருக்கிறது என்று அர்த்தம். மடியின் தசைநார் தளரும், நோய் தொற்றும். அதைவிட மோசம், தினமும் இரண்டு வேளை நேரம் தவறாமல் கறந்த பிள்ளை அன்று ஒரு நாள் மட்டும் ஆட்டின் வலியைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்கிறது. பரிசு பெரியவர்கள் முகத்தில் மகிழ்ச்சியைக் கொண்டுவருவதால் பிள்ளை அதைச் சரியென்று எடுத்துக்கொள்ளும். எனவே செயற்குழு ஒருமனதாக விதி கொண்டுவந்தது. கண்காட்சிக்கு முந்தைய மாலை, கறவையிலுள்ள எல்லா ஆடுகளையும் ஒரே நேரத்தில், குழு உறுப்பினர் ஒருவர் முன்னிலையில், முழுவதும் கறந்துவிட வேண்டும். களத்துக்கு எல்லாம் ஒரே இடைவெளியோடு வரும். தன் பிரிவு முடிந்ததும் ஆடு முதலில் கறவை மேடைக்குப் போக வேண்டும், புகைப்படம் அப்புறம். வேதனை தெரியும் ஆட்டைத் திருப்பி அனுப்பக் களப் பொறுப்பாளருக்கு அதிகாரம் உண்டு, பெற்றோர் அதில் தலையிடக் கூடாது. இந்த விதியின்படி இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகளின் ஆடுகள் சில முன்பைவிடப் பின்தங்கிய இடம் பெற்றன. அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்லி வந்த கோரிக்கையை ஏற்க வேண்டாம் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய ஆடுகளை 3 வாரம் தனியாக வைத்தோம். ஒரு ஆட்டுக்கு உதட்டில் கொப்புளம் கிளம்பியது, ஆட்டு வாய்ப்புண்தான். அது கையுறை போடாமல் தொடுபவரின் தோலுக்கும் ஒட்டும். தனி இடம், தனி வாளி, கடைசியாகத் தீவனம் வைப்பது என்ற ஒழுங்கைப் பிள்ளைகள் கடைப்பிடித்ததால் மந்தைக்குள் பரவவில்லை.

வரும் ஆண்டுக்கான வேலைகள்: மீதமுள்ள கொட்டகைகளிலும் சிஏஇ பரிசோதனையை முடிப்பது, பாலைக் குடிக்கும் வீடுகள் எல்லாம் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்துகின்றனவா என்று பார்ப்பது, பொறுப்பு ஆடு ஏற்பாட்டுக்கு இன்னும் சில கொட்டகைகளைச் சேர்ப்பது. வயது வரம்பு முடிந்து விடைபெறும் மூத்த உறுப்பினர்களில் சிலர் பயிற்சியாளராகத் தொடரச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. நள்ளிரவில் அழைத்தபோதும் வந்த கால்நடை மருத்துவருக்கும், வண்டியும் நேரமும் கொடுத்த பெற்றோருக்கும் குழுவின் சார்பில் நன்றி.

மேற்கண்ட கறவை விதியை நிரந்தர விதியாக்கும் தீர்மானத்தோடு சேர்த்து இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்