ஏழாவது பாட்டையும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல நியூ வேவ்ங்கிற ராக் இசை வகைய வாசிச்ச பேண்டுகள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா டாக்கிங் ஹெட்ஸ்ங்கிற அமெரிக்க பேண்டு வந்த எடத்துல 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' ஒண்ண மட்டும் சொல்லிட்டு அடுத்த பேண்டுக்கு போயிட்டாங்க, அதுதான் எனக்கு மனசு ஆறல. அந்தப் பாட்டு இருக்கிற அதே 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்துல ஏழாவதா 'லிசனிங் விண்ட்'னு ஒண்ணு இருக்கு சார். அது சிங்கிளா வரல, அவங்க கச்சேரிய எடுத்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்துலயும் கெடையாது, அதனாலேயே நெறைய பேரு காதுல விழாமலே போச்சு. என்னைக் கேட்டா அந்த ஆல்பத்துலயே ரொம்ப துணிச்சலான பாட்டு அதுதான்.

மோஜிக்னு ஒருத்தன், எந்த நாட்டுக்காரன்னு பாட்டு சொல்லவே இல்ல. குன்னு மேல நின்னு தன்னோட ஊர பாக்குறான், அமெரிக்காக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த காலத்த நெனைக்கிறான். வெளியாளுங்க கூடிக்கிட்டே போறாங்க, பெரிய பெரிய வீடுகள்ல இருக்காங்க. இவன் சந்தைக்குப் போய் சாமான் வாங்குறான், ஒரு அமெரிக்கனுக்கு பார்சல் அனுப்புறான், வரியில்லாம வியாபாரம் நடக்கிற ஃப்ரீ டிரேட் ஸோன்ல எதையோ வச்சிட்டு வர்றான், அப்புறம் அமைதியான ஒரு எடத்துல உக்காந்து சேதி வர்றதுக்கு காத்திருக்கான். அவ்ளோதான். குண்டுங்கிற சொல்லே பாட்டுல இல்ல, வெடிச்சுதா, யாரு செத்தாங்க, ஒண்ணுமே நமக்கு தெரியாது.

இது வந்தது 1980 அக்டோபர்ல. அந்த நேரம் ஈரான்ல 52 அமெரிக்கர்கள பணயக்கைதியா பிடிச்சு வச்சிருந்தாங்க, அமெரிக்க டிவியில இன்னிக்கு எத்தனாவது நாள்னு ராத்திரிக்கு ராத்திரி எண்ணிக்கிட்டு இருந்தாங்க, நாடே கொதிச்சுப் போயிருந்த நேரம். அப்ப நியூயார்க்ல வளர்ந்த ஒரு பேண்டு எதிராளியோட மனசுக்குள்ள போய் உக்காந்து பாடியிருக்கு. இதுல இன்னொண்ணும் இருக்கு, அதே ஆல்பம் அட்டையோட பின்பக்கம் அமெரிக்க போர் விமானங்கள் பறக்கும், பேஸ் வாசிச்ச டீனா வெய்மவுத்தோட அப்பா அமெரிக்க கடற்படை அதிகாரி. அட்டையில விமானம், உள்ள மோஜிக். ரெண்டையும் ஒண்ணா கையில பிடிச்சுக்கிட்டு கேட்டா ஒரு மாதிரி ஆயிடும்.

இசைய பத்தி கொஞ்சம் சொல்லணும். பஹாமாஸ் நாட்டுல நசாவு நகரத்துல இருந்த காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவுல பிரையன் ஈனோ தயாரிப்புல ஆரம்பிச்ச ஆல்பம், நைஜீரியா இசைக்கலைஞர் ஃபெலா குட்டியோட தாளம் அதுல நெறைய ஊறியிருக்கு, ரெக்கார்டோட மொதல் சைடு மூணு பாட்டும் மூச்சு விட விடாது. இந்தப் பாட்டுல அந்த வேகம் அடங்கிடுது. கையால தட்டுற மாதிரி ஒரு தாளம் மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும், மேல ஒரு மெல்லிசான சத்தம் வழுக்கி வழுக்கி அழுதுக்கிட்டே போகும், மத்த பாட்டுல கத்துற பாடகர் டேவிட் பைர்ன் இங்க குரல தாழ்த்தி, கிட்டத்தட்ட பாசமா பாடுறாரு. கோரஸ் வரும்போது நம்மளையும் அறியாம கூட முணுமுணுப்போம், யாரோட சேந்து பாடுறோம்னு அப்பதான் உறைக்கும்.

பயங்கரவாதத்துக்கு பரிவு காட்டுற பாட்டுன்னு சொல்றவங்க உண்டு, நான் ஒத்துக்க மாட்டேன். 2001 நியூயார்க் தாக்குதலுக்கு அப்புறம் இத நிம்மதியா கேக்க முடியாதுங்கிறது உண்மைதான், பார்சல பிரிக்கப் போற அந்த மனுஷனோட முகத்த பாட்டு ஒரு தடவ கூட காட்டல, அவனுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும். ஆனா மோஜிக்குக்கு அந்த முகம் தெரியல, அதான் பாட்டும் காட்டல. அவன நல்லவன்னும் சொல்லாம கெட்டவன்னும் சொல்லாம, அவனோட கோபம் எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் காட்டிட்டு விட்டுடுது. இத செய்ய ரொம்ப கட்டுப்பாடு வேணும் சார், இதே விஷயத்துல வந்த எத்தனையோ பாட்டு கோஷமா போயிருக்கு.

2010ல இங்கிலாந்து பாடகர் பீட்டர் கேப்ரியல் 'ஸ்க்ராட்ச் மை பேக்' ஆல்பத்துல இத பாடினாரு, டிரம்ஸ் கிடார் எதுவும் இல்லாம ஆர்கெஸ்ட்ராவ மட்டும் வச்சு. அழகாத்தான் இருக்கு, ஆனா தாளம் போனதும் வெறும் சோகமா ஆயிடுச்சு, ஒரிஜினல்ல நம்ம ஒடம்பு அவன் கூடவே நடக்கும், அந்த பயம் இதுல இல்ல. 2018ல பெனின் நாட்டுல பொறந்த ஆஞ்செலிக் கிட்ஜோ ஆல்பம் மொத்தத்தையும் திரும்ப பாடினாங்க, அவங்க குரல்ல இந்தப் பாட்டு வரும்போது மோஜிக்கோட ஊர்லேர்ந்தே யாரோ பேசுற மாதிரி இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

அடுத்த தடவ இந்த பேண்ட பத்தி போட்டீங்கன்னா இந்த ஆல்பத்தோட ரெண்டாவது சைடுக்கு ஒரு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க, கட்டுரை எழுதினவரே எழுதினாலும் சந்தோஷம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி