ஒத்துழைக்காதது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டம் பற்றிப் போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். பொதுமக்கள் ஒத்துழைக்காததால்தான் குழாய் பதிக்கும் வேலை இழுக்கிறது என்று ஒரு அதிகாரி சொன்னதை அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். எங்கள் தெருவில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம் ஐயா. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு வலித்தது.

நாங்கள் எதில் ஒத்துழைக்கவில்லை? டெபாசிட் கேட்டார்கள், கட்டினோம். வாசல்படியை இடித்தார்கள், பொறுத்துக்கொண்டோம். தெருக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூடாமல் விட்ட பள்ளத்தில் பால்காரர் வண்டியோடு விழுந்தபோது தூக்கிவிட்டதும் இந்தப் பொதுமக்கள்தான்.

நான் பிளம்பர் வேலை பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன். இவர்கள் போட்டது எச்.டி.பி.இ. என்கிற கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக் குழாய், அதில் குறையில்லை. ஆனால் அடியில் மணல் விரித்துப் படுக்கவைத்து, மேலே கல் இல்லாத மண்ணாகப் பார்த்துப் போட்டு மூடவேண்டும். இங்கே பெயர்த்த தார் ரோட்டுக் கட்டிகளையே உள்ளே தள்ளி, அதன்மேல் ஜே.சி.பி.யை ஏற்றி மிதித்துவிட்டார்கள். மூடுவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து, ஜாயின்ட் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டாமா? மேஸ்திரியிடம் கேட்டேன். "லைன் மொத்தமும் முடியட்டும் பெரியவரே, பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த நாளே ரோடு போட்டாகிவிட்டது.

எனக்குப் பயமே பாதாளச் சாக்கடையை நினைத்துத்தான். அதைப் போட்டபோதும் இதே கதைதான், புது ரோட்டைத் தோண்டினார்கள், எந்த வீட்டு இணைப்பு எங்கே போகிறது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. சாக்கடைக் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், குறுகலான தெருவென்றால் தனிப் பள்ளத்தில், சாக்கடைக் குழாயின் மேல்மட்டத்திலிருந்து அரை மீட்டராவது உயர்த்திப் போடவேண்டும் என்று மத்திய அரசின் கையேடே சொல்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் தெருவில் மேன்ஹோலை ஒட்டி அதே ஆழத்தில் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்கவா வருகிறது? நிறுத்தியதும் குழாய் காலியாகும், அந்த நேரம் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் ஜாயின்ட் கசிகிற இடத்தில் வெளியில் இருக்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். பழைய லைனில் இதை அனுபவித்துவிட்டோம். குடத்தைத் திறந்தால் நாற்றம், பேத்திக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிச் செலவு. குறைதீர் நாளில் மனு கொடுத்தேன், ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் கடைசித் தெருக்காரர்கள். மாடியே இல்லாத வீட்டுக்கே 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிற அழுத்தம் குழாயில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அவர்களோ இன்னும் குழி வெட்டி, தரைமட்டத்துக்குக் கீழே குடம் வைத்துத்தான் பிடிக்கிறார்கள். மேட்டுப் பகுதி எது, பள்ளம் எது என்று பார்த்துத் திட்டம் போட்டவர் யாராவது அந்தப் பக்கம் வந்தாரா?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எந்தத் தெருவில் என்ன அளவுக் குழாய், வால்வு எங்கே, அழுத்தச் சோதனை நடந்த தேதி என்ன என்பதை ஒரு வரைபடத்தில் குறித்து நகராட்சி வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டால் தர மறுக்கிறார்கள், உங்கள் நிருபர் கேட்டால் தருவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்